பக்கத்து வீட்டு அடுப்பும் நம்ம ஊர் நாக்கும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் யாரையாவது பிடித்து, "உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச சாப்பாடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். கல்யாண வீட்டுப் பந்தலில், வடசேரி சந்தையில், மார்த்தாண்டம் பஸ்ஸில் என்று எங்கே பேச்சுக்கு ஆள் கிடைத்தாலும் நான் இந்தக் கேள்வியைக் கேட்பது உண்டு. யாரும் கோபப்பட்டதில்லை. சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் நம்ம ஊர்க்காரர்களுக்கு முகம் மலர்ந்துவிடும்.

தேரூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் யோசிக்கவே இல்லை. "சம்பா அரிசிச் சோறும் உள்ளித் தீயலும், தொட்டுக்க சுட்ட பப்படமும்" என்றார். முட்டத்தில் மீன் விற்கிற அக்கா ஒருவர், "நல்ல சாளையை மாங்கா போட்டு அவியல் வச்சா, வேற என்ன வேணும் மக்களே?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவருக்கு மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். தக்கலைப் பெரியவர் ஒருவருக்குப் பத்திரியும் இறைச்சிக் கறியும். நாகர்கோவிலில் கல்லூரியில் படிக்கிற பிள்ளைக்குக் குழிமந்தி.

ஐந்து பேர், ஐந்து பதில்கள். ஒவ்வொன்றும் அவரவர் வளர்ந்த மண்ணிலிருந்தும் வீட்டிலிருந்தும் வந்தது. ஆனால் நான் இன்னொரு கேள்வியும் கேட்பேன். "சரி, அதுக்கு அடுத்தது?"

அந்த விவசாயி சொன்னது, கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வருகிற முந்திரிக்கொத்து. முட்டத்து அக்கா சொன்னது, நாஞ்சில் நாட்டுக் கல்யாண வீட்டு அடைப் பிரதமன். பால்வெட்டுகிறவர் சொன்னது தர்காவில் தருகிற நேர்ச்சைச் சோறு. தக்கலைப் பெரியவர் சொன்னது அவியல், அதுவும் ஓணத்துக்கு அடுத்த வீட்டுக்காரர்கள் வைக்கிற அவியல். கல்லூரிப் பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆச்சி செய்த உளுந்தங்கஞ்சி" என்றாள்.

இந்த இரண்டாவது பதில்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது. முதல் பதில் நம்ம வீட்டு அடுப்பிலிருந்து வருகிறது. இரண்டாவது, பெரும்பாலும் பக்கத்து வீட்டு அடுப்பிலிருந்து வருகிறது. வேறு சாதி, வேறு மதம், வேறு தொழில், சில நேரம் வேறு மொழி பேசுகிற வீடு. பல நாட்டுச் சமையல்களில் உங்களுக்குப் பிடித்தது எது என்று உலகமெல்லாம் பேசிக்கொள்கிறார்கள். அதற்கு வெளிநாடு போக வேண்டிய அவசியம் நமக்கு இருந்ததே இல்லை. ஆரல்வாய்மொழியிலிருந்து களியக்காவிளை வரை பஸ்ஸில் போனால் போதும், நாலைந்து சமையல்களைத் தாண்டிவிடலாம்.

இத்தனை ருசி எப்படி வந்தது?

நம்ம மாவட்டத்துக்கு இரண்டு மழை. தென்மேற்குப் பருவமழையும் கிடைக்கும், வடகிழக்குப் பருவமழையும் கிடைக்கும். தமிழ்நாட்டின் மற்ற பகுதிகளில் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையைத்தான் நம்பியிருப்பார்கள். இங்கே ஆனி, ஆடியிலும் சாரல் விழும். அதனால்தான் கன்னிப்பூ, கும்பப்பூ என்று நெல்லுக்கு இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சேர்ந்த நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் ராஜ்யத்தின் நெற்களஞ்சியமாக இருந்தது. அந்த நெல்லுக்குத் தண்ணீர் உறுதியாகக் கிடைப்பதற்காக 1897ல் தொடங்கி 1906ல் கட்டி முடித்ததுதான் பேச்சிப்பாறை அணை. அதைக் கட்டிய பொறியாளர் அலெக்சாண்டர் மிஞ்சினின் சமாதி இன்றும் அணைப் பக்கத்தில்தான் இருக்கிறது. நம்ம தட்டில் விழுகிற சோற்றுக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு என்பதை அங்கே சுற்றுலா போகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் போனால் மேடும் பள்ளமுமாகத் தோட்ட நிலம். மரச்சீனி, வாழை, சக்கை, நல்லமிளகு, ரப்பர். மாறாமலை மாதிரி உயரமான எஸ்டேட்டுகளில் கிராம்பு. கன்னியாகுமரி கிராம்புக்கு 2021ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிழக்கே கடற்கரையை ஒட்டிய தேரிப் பக்கம் பனை. தெற்கே ஆரோக்கியபுரத்திலிருந்து நீரோடி வரை சுமார் 70 கிலோமீட்டர் கடற்கரை, அதில் நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவ ஊர்கள். எங்கே நின்றாலும் தென்னை. ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்கும் புவிசார் குறியீடு உண்டு.

வயல், மலை, தேரி, கடல் என்று இத்தனை நிலமும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் அடங்குவதால், காலையில் கரைக்கு வந்த மீன் மதியத்துக்குள் மலையடிவாரக் குழம்புச் சட்டிக்கு வந்துவிடும். மலையில் வெட்டிய வாழைக்குலை மறுநாள் கடற்கரை வீட்டில் தொங்கும். சந்தைதான் நம்ம ஊர்ச் சமையலின் உண்மையான ஆசான். கோட்டாறும் வடசேரி கனகமூலம் சந்தையும் தக்கலையும் மார்த்தாண்டமும் இல்லாமல் நம்ம நாக்கு இப்படி வளர்ந்திருக்காது.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர் கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து, அன்று சென்னை மாநிலமாக இருந்த தமிழ்நாட்டோடு சேர்ந்தன. எல்லைக்கோடு மாறியது, அடுப்பு மாறவில்லை. தேங்காய் எண்ணெயில்தான் தாளிப்பு, ஓணத்துக்கு இன்றும் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை. அதே நேரம் ஆடிச் செவ்வாய்க்குத் தோவாளை வட்டாரத்து அவ்வையாரம்மன் கோவில்களில் பெண்கள் கூடிக் கூழ் காய்ச்சி, கொழுக்கட்டை அவித்துக் கும்பிடுவார்கள். திருக்கார்த்திகை வந்தால் திரளி இலையில் கொழுக்கட்டை வேகும் மணம் தெருவெல்லாம் நிற்கும். இரண்டு பக்கத்து மரபும் ஒரே வீட்டில் நடக்கிற ஊர் இது.

இலையில் விழுகிற வரிசை

நாஞ்சில் நாட்டுச் சைவச் சாப்பாட்டை அதன் முழு அழகோடு பார்க்க வேண்டுமென்றால் கல்யாணப் பந்திக்குத்தான் போக வேண்டும். ஏத்தங்காய் உப்பேரியும் சர்க்கரைவரட்டியும் முதலில் வந்துவிடும். இஞ்சிப் பச்சடி, கிச்சடி, துவட்டல், அவியல், எரிசேரி, ஊறுகாய், பழம், பப்படம் எல்லாம் வந்து இலை நிறைந்த பிறகுதான் சோறு. முதலில் பருப்பும் நெய்யும். பிறகு சாம்பார். அதன் பிறகு புளிசேரி. அப்புறம் பிரதமனும் பால்பாயசமும் இலையிலேயே விடுவார்கள். பப்படத்தை நொறுக்கிப் போட்டு, பழத்தையும் பிசைந்து சேர்த்து, கையால் வழித்துச் சாப்பிட வேண்டும். டம்ளரில் வாங்கிக் குடிக்கிறவர்களைப் பார்த்தால் பரிமாறுகிற அண்ணாச்சிமார்களுக்கு மனசு கேட்காது. இனிப்புக்குப் பிறகு ரசம், கடைசியில் மோர். இனிப்பை நடுவில் வைத்து, ரசமும் மோரும் கொண்டு முடிக்கிற இந்த வரிசை வயிற்றுக்குச் செய்கிற மரியாதை. வெளியூர் நண்பர்கள் முதலில் திகைப்பார்கள், பந்தி முடிந்து எழும்போது ஒத்துக்கொள்வார்கள்.

இந்த எரிசேரியைப் பற்றி ஒரு வார்த்தை. கேரளத்தில் பல இடங்களில் பூசணிக்காயும் வன்பயறும் போட்டு வைப்பார்கள். நம்ம பக்கத்தில் சேனையும் ஏத்தங்காயும்தான். நல்லமிளகின் காரம், மேலே பொன்னிறமாக வறுத்த தேங்காய்ப்பூ. மிளகாய் ஆதிக்கம் செலுத்தாத காரம் என்ன ருசி தரும் என்பதை எரிசேரி சொல்லிக் கொடுக்கும்.

அன்றாட வீட்டுச் சமையலில் என் முதல் பதில் தீயல்தான். உள்ளித் தீயல் வைப்பது கஷ்டமில்லை, பொறுமைதான் வேண்டும். கால் கிலோ சின்ன உள்ளியை உரித்து எடுத்துக்கொள்ளுங்கள். அரை மூடித் தேங்காயைத் துருவி, அடி கனமான சட்டியில் சிறு தீயில் வறுக்க வேண்டும். பொன்னிறம் வந்தவுடன் இறக்கிவிடக் கூடாது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் அடர்ந்த பழுப்பு நிறம் வரும், தேங்காயிலிருந்து எண்ணெய் கசியத் தொடங்கும். அந்த நேரத்தில் மல்லியும் வத்தல் மிளகாயும் கொஞ்சம் நல்லமிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து ஒரு பிரட்டு பிரட்டி இறக்கி, ஆறவைத்து, தண்ணீர் அதிகம் விடாமல் வெண்ணெய் போல அரைக்க வேண்டும். உள்ளியைத் தேங்காய் எண்ணெயில் வதக்கி, புளி கரைத்து ஊற்றி, உப்பு மஞ்சள் சேர்த்துக் கொதித்ததும் அரைப்பைக் கலந்து எண்ணெய் மேலே தெளிகிறவரை வையுங்கள். கரிந்தால் கசக்கும், வறுபடாவிட்டால் வெறும் புளிக்குழம்பாகப் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நிமிடம்தான் இருக்கிறது. அந்த ஒரு நிமிடத்தைக் கண்ணாலும் மூக்காலும் அறிந்துவைத்திருந்த நம் அம்மைமாரைக் கலைஞர்கள் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. தீயல் மறுநாள் இன்னும் ருசிக்கும். பழைய சோற்றுக்கு அதைவிடச் சிறந்த துணை கிடையாது.

கூட்டமாகச் சோறு போடுவது நம்ம ஊருக்குப் பழைய பழக்கம். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால் ஊட்டுப்புரையைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். ஆயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்து சாப்பிடுகிற நீண்ட கூடம் அது. ராஜா படுத்த கட்டிலுக்கு முன்னால் கூடுகிற கூட்டத்தில் பாதிகூட இங்கே நிற்பதில்லை. எனக்கென்னவோ அந்த அரண்மனையிலேயே மனிதர்கள் நினைவுக்கு வருகிற இடம் அதுதான்.

கிழங்கும் மீனும்

மாவட்டம் முழுக்க ஓட்டெடுத்தால் ஜெயிக்கப் போவது மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும்தான் என்பது என் கணிப்பு. சாதி, மதம், வசதி எதையும் பார்க்காத கூட்டணி அது.

இந்த மரச்சீனி நம்ம ஊர்ச் செடியே இல்லை. தென்னமெரிக்காவிலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக இந்தக் கரைக்கு வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் ராமவர்மா, ஏழைகள் பசியாற ஏற்ற பயிர் என்று இதைப் பரப்புவதில் அக்கறை காட்டினார். அந்த அக்கறையின் அருமை இரண்டாம் உலகப் போரில் தெரிந்தது. 1942ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுவிட்டது. வெளி அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூரில் எத்தனையோ வீடுகளில் உலை கொதித்தது கிழங்கால்தான். நம்ம தாத்தாமார் தலைமுறை கிழங்கைப் பற்றிப் பேசும்போது குரலில் ஒரு நன்றி இருக்கும். அதற்குக் காரணம் இதுதான்.

தோலுரித்துத் துண்டாக்கி, நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். கிழங்கில் இயற்கையாக இருக்கிற நச்சு அதோடு போய்விடும், கசப்பும் போகும். பிறகு தேங்காய், சீரகம், பச்சைமிளகாய், மஞ்சள் ஒன்றிரண்டாகச் சதைத்துப் போட்டு மசித்தால் தயார். பக்கத்தில் மண்சட்டியில் மீன் குழம்பு.

மீன் குழம்பு என்று ஒன்றாகச் சொல்லிவிட்டாலும் அது ஒன்றல்ல. தேங்காயை மை போல அரைத்து, சாளைக்கும் அயிலைக்கும் முருங்கைக்காயோ மாங்காயோ போட்டு வைக்கிற குழம்பு அன்றாடத்துக்கு. மாங்காய்ப் புளிப்போடு கெட்டியாக இருக்கிற புளிமுளம் தொட்டுக்கொள்ள. நெத்தோலியைப் பச்சைத் தேங்காய் அரைப்பில் அவியல் வைத்து, இறக்கும்போது பச்சைத் தேங்காய் எண்ணெய் விடுவது ஒரு தனி ருசி. மேற்கே போகப் போக வாளன்புளி குறைந்து கொடம்புளி கூடும், குழம்பின் நிறமும் மாறும். சுறா கிடைத்தால் புட்டு. மழைக்காலத்தில் மீன் குறைந்தால் கருவாடும் கூனிப்பொடியும்.

கிழங்கை நட்டவர் மலையடிவாரத்துக்காரர். மீனைப் பிடித்தவர் கடற்கரைக்காரர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தே இருக்க மாட்டார்கள், ஆனால் இரண்டு பேர் உழைப்பும் ஒரே தட்டில் சேர்கிறது. மீனை ருசித்துச் சாப்பிடுகிற நாம் அது வருகிற வழியையும் நினைக்க வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் அடித்தபோது ஆழ்கடலில் இருந்த நம்ம மீனவர்களில் பலர் திரும்பவில்லை. தூத்தூர் வட்டாரத்து ஊர்களில் அந்த இழப்பு இன்னும் ஆறவில்லை. மீன் விலை கூடிவிட்டது என்று சந்தையில் அலுத்துக்கொள்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு இது நினைவுக்கு வரும். கூடைக்கார அக்காமாரிடம் பேரம் பேசுவதை நான் குறைத்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

பனை தந்த இனிப்பு

மாசி, பங்குனி வெயிலில் அக்கானி குடித்து வளர்ந்தவர்களுக்குக் குளிர்பானக் கடை தேவைப்பட்டதில்லை. பாளையைச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயம் கட்டி, அதிகாலையில் ஏறி இறக்கிய பதநீர்தான் அக்கானி. பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுப்பார்கள், ஓலையின் மணமும் சேர்ந்துகொள்ளும். குடித்தது போக மீதியை அகன்ற பாத்திரத்தில் காய்ச்சிப் பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. ஏறுவது ஆண்கள், நெருப்புப் பக்கத்தில் மணிக்கணக்காக நின்று காய்ச்சுவது பெண்கள். ஏறுகிறவருக்கு உயிர் ஆபத்து, காய்ச்சுகிறவருக்குப் புகையும் வெக்கையும்.

அந்தக் கருப்பட்டி எத்தனை அடுப்புகளுக்குப் போகிறது பாருங்கள். சுக்குக் காப்பிக்கு, உளுந்தங்களிக்கு, கொழுக்கட்டைப் பூரணத்துக்கு, பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுக்கிற மருந்துக்கு, முந்திரிக்கொத்துக்கு. கோவில் வீட்டுக்கும் சர்ச் வீட்டுக்கும் பள்ளிவாசல் வீட்டுக்கும் ஒரே பனைமரத்து இனிப்பு.

தூக்குவாளி போகிற தெரு

இப்போது அந்த இரண்டாவது பதிலுக்கு வருகிறேன்.

முந்திரிக்கொத்து என்று பெயர் இருந்தாலும் அதில் முந்திரியும் கிடையாது, முந்திரிப்பருப்பும் கிடையாது. சிறுபயறுதான். அரைக் கிலோ சிறுபயறை வாசம் வரும்வரை வறுத்து, தோல் நீங்கப் புடைத்து, சற்றுக் கொரகொரப்பாகத் திரித்துக்கொள்வார்கள். ஒரு தேங்காயைத் துருவி ஈரம் போக வறுத்து, எள்ளும் ஏலக்காயும் சுக்கும் சேர்த்து, கருப்பட்டிப் பாகை ஊற்றிச் சூடாக இருக்கும்போதே சின்னச் சின்ன உருண்டைகளாகப் பிடிப்பார்கள். ஆறினால் பிடிக்க வராது, அதனால் வீட்டில் இருக்கிற எல்லாக் கைகளும் வேண்டும். மறுநாள் மஞ்சள் கலந்த பச்சரிசி மாவில் மூன்று மூன்றாக முக்கி, தேங்காய் எண்ணெயில் பொரித்தால் கொத்து. இரண்டு வாரமானாலும் கெடாது. கல்ஃப் போகிறவர் பெட்டியில் முதலில் ஏறுவதும் இதுதான்.

எங்கள் தெருவில் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பே மூடிபோட்ட பாத்திரங்கள் வீடு வீடாகப் போகத் தொடங்கும். கொத்து, அச்சுமுறுக்கு, நெய்யப்பம். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கலோடு திரும்பும், அல்லது கார்த்திகைக் கொழுக்கட்டையோடு முன்பே போயிருக்கும். ரம்சான் மாதத்தில் நோன்புக் கஞ்சி தூக்குவாளியில் வரும். பூண்டும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அந்தக் கஞ்சியை, நோன்பிருக்காத வீட்டுப் பிள்ளைகளும் சாயங்காலம் வாசலில் நின்று எதிர்பார்ப்பார்கள்.

பொது இடங்களிலும் இதே கதைதான். சி.எஸ்.ஐ. சபைகளில் நடக்கிற அசனப் பண்டிகைக்கு வீட்டுக்கு வீடு அரிசியும் தேங்காயும் கொடுப்பார்கள். பெரிய பெரிய அண்டாக்களில் சோறும் குழம்பும் வேகும். பந்தியில் உட்கார யாரும் சபைப் பதிவேட்டைக் கேட்பதில்லை. தக்கலையில் பீர்முகம்மது அப்பா நினைவாக ஆண்டுதோறும் இரவு முழுக்க ஞானப்புகழ்ச்சி பாடுவார்கள். தமிழில் பாடிய அந்த ஞானியின் பாடல்களைக் கேட்கவும் நேர்ச்சை வாங்கவும் எல்லா மதத்துக்காரர்களும் வருவார்கள். மண்டைக்காடு பகவதி கோவிலில் மாசிக் கொடைக்குப் பொங்கலிடுகிற பெண்கள் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு, மலையாளம் பேசுகிறவர்களும் உண்டு. தலைவலி தீர வேண்டிக்கொண்டு அங்கே வைக்கிற மண்டையப்பம் நம்ம மாவட்டத்துக்கே உரியது.

மண்டைக்காடு என்று எழுதும்போது இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். 1982 மார்ச்சில் அங்கே மூண்ட மதக் கலவரம் உயிர்களைப் பறித்தது. கடற்கரை ஊர்களுக்கும் உட்பகுதி ஊர்களுக்கும் நடுவே பெரிய பிளவு விழுந்தது. குன்றக்குடி அடிகளார் போன்றவர்கள் வந்து அமைதிக்காகப் பாடுபட்டார்கள். மீன் கூடை ஊருக்குள் வராத, ஊர்க் காய்கறி கடற்கரைக்குப் போகாத நாட்கள் இருந்தன என்று பெரியவர்கள் சொல்வார்கள். அப்போது அடுப்புகள் தனித்தனியாக எரிந்தன. திரும்பவும் கூடை வரத் தொடங்கியதுதான் ஊர் குணமாகிறது என்பதற்கு முதல் அடையாளமாக இருந்தது என்று எங்கள் அத்தை சொல்லிக் கேட்டிருக்கிறேன். சாப்பாடு மட்டுமே பகையைத் தீர்த்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு வீட்டுச் சோற்றைத் தின்ற நாக்கு அந்த வீட்டைப் பற்றிக் கெட்டது பேச ஒரு நொடியாவது தயங்கும். அந்தத் தயக்கம் ஊருக்கு வேண்டும்.

புதிதாக வந்த விருந்தாளிகள்

கல்லூரிப் பிள்ளை குழிமந்தி என்று சொன்னபோது பக்கத்தில் இருந்த ஒரு மாமாவுக்கு முகம் சுருங்கியது. எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. மந்தி, ஏமன் நாட்டுச் சாப்பாடு. குழிக்குள் கனலில் இறைச்சியும் சோறும் மெதுவாக வெந்து வருவது. 1970களுக்குப் பிறகு நம்ம மாவட்டத்திலிருந்து கல்ஃபுக்குப் போனவர்கள் ஏராளம். கொத்தனாராக, டிரைவராக, நர்ஸாக, படகில் மீன்பிடிக்கிறவராகப் போனவர்கள் சம்பளத்தோடு ருசியையும் கொண்டுவந்தார்கள். கேரளம் வழியாகவும் வந்தது. இன்று நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் சாலைகளில் அல்ஃபாமும் ஷவர்மாவும் மந்தியும் பரோட்டாக் கடைகளுக்குப் பக்கத்திலேயே நடக்கின்றன. கட்டட வேலைக்கு வந்த வடகிழக்கு இளைஞர்களால் மோமோவும் வந்துவிட்டது.

வந்தவர்களை விரட்ட வேண்டுமென்றால் முதலில் மரச்சீனியை விரட்ட வேண்டும். வத்தல் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். அதற்கு முன் நம்ம குழம்புக்கெல்லாம் நல்லமிளகுதான் காரம். பரோட்டா எப்போது நம்ம ஊர்ச் சாப்பாடானது என்று யாராலும் நாள் சொல்ல முடியாது, ஆனால் பரோட்டாவும் கறியும் இல்லாத ராத்திரியை மார்த்தாண்டத்தில் நினைத்துப் பார்க்க முடியுமா? மந்தியும் இன்னும் ஒரு தலைமுறையில் அப்படி ஆகும். ஆகட்டும்.

என் கவலை வேறு

வெளியிலிருந்து வருகிறதைப் பற்றி எனக்குப் பயமில்லை. உள்ளே இருப்பது போகிறதே என்பதுதான் கவலை.

நாஞ்சில் நாட்டு வயல்கள் மனைகளாகிக்கொண்டிருக்கின்றன. வீட்டுமனைக்கும் சாலைக்கும் கல்லூரிக் கட்டடத்துக்கும் போன வயல் திரும்பி வராது. திருப்பதிசாரத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.பி.எஸ். 3, டி.பி.எஸ். 5 என்று ஊர்ப்பெயரைத் தாங்கிய நெல் ரகங்கள் அங்கே உருவானவை. அந்த ஊரைச் சுற்றியே வயல் சுருங்குவதைப் பார்க்க வயிறு எரிகிறது. கட்டிச்சம்பா போன்ற பழைய நெல்லைத் தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. சிவந்த சம்பாச் சோறு இல்லாவிட்டால் தீயலும் புளிசேரியும் பாதி ருசியை இழந்துவிடும். வெள்ளைச் சன்ன அரிசி அவற்றின் கனத்தைத் தாங்காது.

பனையேறிகள் குறைந்துவிட்டார்கள். ஆபத்தான வேலை, வருமானம் போதவில்லை, பிள்ளைகள் அந்தத் தொழிலுக்கு வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. விளைவு என்னவென்றால், சந்தையில் சீனி கலந்த கருப்பட்டி தாராளமாகக் கிடைக்கிறது. அசல் கருப்பட்டிக்கு நியாயமான விலை கொடுக்க நாம் தயாரானால்தான் பனையில் ஏற ஆள் இருக்கும்.

நம்ம மட்டிப்பழத்துக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விரல் நீளத்தில், தேன் போன்ற மணத்தோடு, கல்குளம் விளவங்கோடு மலையடிவார மண்ணில் மட்டும் அந்தக் குணத்தோடு விளைகிற பழம். கைக்குழந்தைக்கு முதலில் ஊட்டுகிற பழமும் அதுதான். குறியீடு ஒரு காகிதம். தோட்டத்தில் வாழை நிற்க வேண்டுமென்றால் நாம் அந்தப் பழத்தைக் கேட்டு வாங்க வேண்டும். கடைக்காரர் வேறு பழத்தை நீட்டினால், "மட்டி இல்லியா அண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டாலே போதும், அடுத்த வாரம் ஒரு குலை வந்து தொங்கும்.

செய்முறைகளும் போகின்றன. எழுத்தாளர் நாஞ்சில் நாடன் போன்றவர்கள் நம்ம உணவைப் பற்றி நிறைய எழுதி வைத்திருப்பது பெரிய கொடை. ஆனால் எழுத்தாளர்கள் எழுதியது போக, ஒவ்வொரு வீட்டிலும் எழுதப்படாமல் இருப்பது எவ்வளவு! தீயலுக்குத் தேங்காய் எந்த நிறம் வரும்வரை வறுபட வேண்டும், பிரதமனுக்கு எந்த நேரத்தில் தலைப்பால் விட வேண்டும், பத்திரி மாவு எவ்வளவு சூட்டில் பிசைய வேண்டும் என்பதெல்லாம் அடுப்படியில் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

அதனால் உங்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். இந்த மாதத்துக்குள் உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் ஒரு சமையலைப் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டு, அளவோடும் பதத்தோடும் எழுதி வையுங்கள். அடுத்து, உங்கள் மதமோ சாதியோ இல்லாத ஒரு வீட்டிலிருந்து ஒரு சமையலைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, உங்கள் அடுப்பில் வையுங்கள், வைத்ததில் ஒரு பங்கை அந்த வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். அவர்கள் ருசி பார்த்துவிட்டு, "உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு மக்களே" என்று சொன்னால் சந்தோஷமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நம்ம மாவட்டத்தின் சமையல் அப்படித்தான் உருவானது. அப்படிச் செய்தால்தான் அது நிலைக்கும்.